ஒரே வீட்டுச் சாட்சிகள்

சென்னையிலிருந்து மேற்கே பூந்தமல்லி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஊர்ப்பெயர்கள் சிலவற்றின் இறுதியில் 'சாவடி' என்னும் சொல் நிற்பதைக் காணலாம். வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என அவை தொடரும். வழிப்போக்கர் இளைப்பாறித் தங்கும் இடத்தைச் சாவடி என்பது தமிழ் வழக்கு. மக்கள் கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் நெடுந்தொலைவு சென்ற நாளில், எந்தச் சாவடியில் நல்ல தண்ணீர் கிடைக்கும், எங்கே மூட்டை முடிச்சுகளுக்குக் காவல் உண்டு என்பதை எதிரே வரும் பயணியைக் கேட்டுத்தான் அறிய முடியும். சாவடிக்காரரைக் கேட்டால் அவர் தம் சாவடியையே புகழ்வார். அதில் வியப்பில்லை.

இன்றைய வேலப்பன்சாவடி கல்லூரிகளின் ஊராகிவிட்டது. மருத்துவக் கல்லூரி ஒன்றும், பல் மருத்துவக் கல்லூரி ஒன்றும் நெடுஞ்சாலையை ஒட்டியே நிற்கின்றன. இவற்றுள் சவீதா பல் மருத்துவக் கல்லூரி 1988ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது; 2005இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற நிறுவனத்தின் அங்கமாக விளங்குவது. இந்திய அரசின் தேசிய நிறுவனத் தரவரிசைப் பட்டியலில் பல் மருத்துவப் பிரிவில் 2022, 2023, 2024 ஆகிய மூன்றாண்டுகளும் இக்கல்லூரியே முதலிடம் பெற்றது. 'கியூ.எஸ்.' என்னும் இங்கிலாந்து நிறுவனம் பாடவாரியாக வெளியிடும் உலகத் தரவரிசையில், 2023ஆம் ஆண்டு பல் மருத்துவத்திற்குரிய பட்டியலில் இதற்கு 13ஆம் இடம் கிடைத்தது. நம் நாட்டுக் கல்லூரி ஒன்று உலக அரங்கில் இவ்வளவு உயரத்திற்கு ஏறியது எளிய செய்தியன்று.

அதே 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவிலிருந்து வெளிவரும் 'சயின்ஸ்' இதழ் இக்கல்லூரியைப் பற்றிய புலனாய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டது. ஆராய்ச்சியுலகில் நிகழும் முறைகேடுகளைக் கண்காணிக்கவென்று 2010இல் தோன்றிய 'ரிட்ராக்‌ஷன் வாட்ச்' என்னும் அமைப்பின் முயற்சியால் விளைந்த கட்டுரை அது. அதில் கூறப்பட்ட செய்தியின் சாரம் வருமாறு: இளநிலை மாணவர் ஏறத்தாழ 500 பேர், தாம் செய்த ஆய்வைப் பற்றி நான்கு மணி நேரத் தேர்வில் அமர்ந்து 1,500 சொல் அளவில் கட்டுரை எழுதுகின்றனர். ஆசிரியர்கள் அவற்றைப் பார்வையிட்டு, சேர்க்க வேண்டியவற்றைச் சேர்த்த பின் பல கட்டுரைகள் ஆய்விதழ்களுக்குச் செல்கின்றன. 2022ஆம் ஆண்டில் மட்டும் அக்கல்லூரியின் பெயரில் வெளிவந்த எழுத்துகள் 1,400க்கும் மேல். இக்கட்டுரைகள், அதே கல்லூரியினர் முன்பு எழுதிய கட்டுரைகளை, பல இடங்களில் பொருளோடு ஒட்டாத நிலையிலும், முறையாக மேற்கோள் காட்டிச் செல்கின்றன என்பதும், இதனால் மேற்கோள்களின் எண்ணிக்கை உயர்ந்து, எண்ணிக்கையால் தரவரிசையும் உயர்ந்திருக்கக் கூடும் என்பதும் அக்கட்டுரை முன்வைத்த ஐயம். ஐயம் என்றே நாமும் எழுதுகிறோம். அக்கட்டுரையின் தலைப்பே கேள்விக்குறியோடுதான் முடிகிறது.

ஒருவர் தம் முந்திய ஆய்வைத் தாமே சுட்டுவது குற்றமாகாது. பத்தாண்டு ஒரே பொருளை ஆராய்ந்தவர் தம் பழைய முடிவைக் குறிப்பிடாமல் புதிய முடிவைச் சொல்ல இயலாது. அக்கல்லூரியில் பயில்கின்ற பிள்ளைகளின் உழைப்பையோ, அங்கே பல்வலியோடு வந்து நலமாகித் திரும்புவோரின் நன்றியையோ இக்கட்டுரை தொடவில்லை. நாம் கேட்க விரும்புவது வேறு. ஒரு வீட்டிலிருந்து ஆயிரம் பேர் வந்து அவ்வீட்டுக்காரர் நல்லவர் என்று சொன்னால், அங்கே சாட்சிகள் எத்தனை? ஆயிரமா, ஒன்றா?

இந்தக் கேள்விக்கு விடை தேடுமுன், மேற்கோள்களை எண்ணுகின்ற வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது நலம். அந்த வரலாறு சுவையானது, பலரும் அறியாதது.

அமெரிக்க நாட்டு நீதிமன்றங்களில் முன் தீர்ப்பே சட்டம். ஆகவே வழக்கறிஞர் ஒருவர் பழைய தீர்ப்பொன்றை எடுத்துக்காட்டுமுன், அது இன்னும் உயிரோடு இருக்கிறதா, மேல்மன்றம் அதைத் தள்ளிவிட்டதா என்று அறிந்தாக வேண்டும். 1873ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தில் ஃபிராங்க் ஷெப்பர்டு என்பவர் இதற்கொரு வழி கண்டார். ஒவ்வொரு தீர்ப்பையும் பின்னர் எந்தெந்தத் தீர்ப்புகள் சுட்டின என்று பசை தடவிய சிறு சீட்டுகளில் அச்சிட்டு விற்றார். வழக்கறிஞர்கள் அவற்றை வாங்கித் தம் சட்டப் புத்தகத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டனர். ஏற்கப்பட்டது, வேறுபடுத்தப்பட்டது, தள்ளப்பட்டது என்ற குறிகளும் அதில் அடங்கும். ஒரு தீர்ப்பு எத்தனை முறை சுட்டப்பட்டது என்பதைக் கொண்டு எந்த வழக்கறிஞரும் அதற்குப் பொன்னாடை போர்த்தவில்லை. எப்படிச் சுட்டப்பட்டது என்பதே அவர்களுக்கு வேண்டியிருந்தது.

அந்த ஷெப்பர்டு நிறுவனத்தில் உயர்பதவியிலிருந்து ஓய்வு பெற்ற வில்லியம் அடேர் என்பவர், 1953இல், யூஜின் கார்ஃபீல்டு என்னும் இளைஞரின் கவனத்தை இம்முறையின்பால் திருப்பினார். கார்ஃபீல்டு 1955ஆம் ஆண்டு, அதே 'சயின்ஸ்' இதழில், அறிவியல் கட்டுரைகளுக்கும் இத்தகைய அட்டவணை ஒன்று வேண்டும் என்று எழுதினார். அவர் காட்டிய காரணங்களுள் முதன்மையானது எண்ணிக்கையன்று. பொய்யான, குறையுள்ள, காலாவதியான ஆய்வுகளைப் பலர் ஆராயாமல் மேற்கோள் காட்டிக்கொண்டே போகின்றனர். ஒரு கட்டுரையைப் பின்னர் யார் மறுத்தார், யார் குறை கண்டார் என்பதை அறிய வழியிருந்தால் இக்கேடு குறையும் என்பதே அவர் கருத்து. 1964இல் அவருடைய அறிவியல் மேற்கோள் அட்டவணை நூலாக வெளிவந்தது. குறையைக் கண்டறிவதற்காகப் பிறந்த அக்கருவி, இரண்டு தலைமுறைக்குள் நிறையை மட்டும் எண்ணும் கருவியாக மாறிப்போயிற்று. மேற்கோளைக் கொண்டு இதழின் மதிப்பு, இதழைக் கொண்டு ஆசிரியரின் மதிப்பு, ஆசிரியரைக் கொண்டு கல்லூரியின் மதிப்பு என்று படிகள் அமைந்தன. மறுப்பதற்காகச் சுட்டினாலும் ஒன்றுதான், போற்றுவதற்காகச் சுட்டினாலும் ஒன்றுதான், நண்பருக்குக் கைமாறாகச் சுட்டினாலும் ஒன்றுதான் என்றாகிவிட்ட பிறகு, எண்ணிக்கை ஏறுவதற்குக் கேட்பானேன்?

இனி நம் மரபுக்கு வருவோம். மேற்கோளை எடைபோடும் கலை இவ்வுலகுக்குப் புதியதன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் சொல்லையும் செயலையும் திரட்டிய அறிஞர் பெருமக்கள், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதே இடரை எதிர்கொண்டனர். சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்ற தொடர் ஒவ்வொரு செய்திக்கும் வேண்டும் என்றனர். அத்தொடரில் உள்ள ஒவ்வொருவரையும் ஆராய்ந்து குறை கூறுவதற்கு 'ஜர்ஹ்' என்றும், தகுதி கூறுவதற்கு 'தஃதீல்' என்றும் பெயரிட்டனர். குறை கூறலை முன்னும் தகுதி கூறலைப் பின்னும் வைத்தே அக்கலைக்குப் பெயரும் அமைந்தது.

இக்கலையைப் பற்றி நாம் மேடைகளில் பெருமையாகப் பேசுவதுண்டு. அதன் நுட்பங்களைப் பேசுவது குறைவு. ஹிஜ்ரி 327இல் (கி.பி. 938) மறைந்த இப்னு அபீ ஹாத்திம் அர்ராஸீ (ரஹ்), 'அல்ஜர்ஹு வத்தஃதீல்' என்னும் தம் பெருநூலின் முன்னுரையில், தகுதிச் சொற்களை நான்கு படியாகவும் குறைச் சொற்களை நான்கு படியாகவும் வகுத்தார். 'ஸிகா', அதாவது முழு நம்பிக்கைக்கு உரியவர் என்பது மேற்படி. 'ஸதூக்', உண்மையாளர் என்பது அதற்கு அடுத்த படி. 'ஷைகு' என்பது மூன்றாவது. 'ஸாலிஹுல் ஹதீஸ்' என்பது நான்காவது. தமிழில் கேட்டால் ஒருவரை உண்மையாளர் என்றும், நல்லவர் என்றும் சொல்வது எவ்வளவு பெரிய பாராட்டு! அவர்களோ அச்சொற்களை அளந்து வைத்திருந்தனர். உண்மையாளர் என்றால், பொய் சொல்ல மாட்டார், ஆயினும் நினைவாற்றல் முதல்தரமன்று என்பதே பொருள். ஹிஜ்ரி 852இல் (கி.பி. 1449) மறைந்த இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) தம் 'தக்ரீபுத் தஹ்தீப்' நூலில் படிகளைப் பன்னிரண்டாக்கினார். அதில் 'மக்பூல்' என்றொரு சொல் வரும். ஏற்கத்தக்கவர் என்று அதற்கு நேர்பொருள். ஆனால் வேறொருவர் அதே செய்தியைச் சொன்னால்தான் இவரை ஏற்கலாம், தனித்து நின்றால் இவர் நொய்ந்தவர் என்று நூலாசிரியரே முன்னுரையில் விளக்கம் எழுதி வைத்தார். இந்நாளில் எவருக்கு வேண்டுமானாலும் கொடுக்கப்படும் நற்சான்றிதழ்களில் 'மிகச் சிறந்தவர்' என்ற சொல்லுக்கு அளவென்ன, பொருளென்ன என்று யாராவது முன்னுரை எழுதினால் நன்றாயிருக்கும்.

அவ்வறிஞர்கள் உறவையும் நட்பையும் எவ்வாறு நடத்தினர் என்பதற்கு அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்களின் செய்தி ஒன்றே போதும். அவர் இமாம் புகாரீயின் ஆசிரியர்களுள் ஒருவர், ஹிஜ்ரி 234இல் (கி.பி. 849) மறைந்தவர். அவருடைய தந்தையாரும் ஹதீஸ் அறிவித்தவரே. தந்தையாரின் தரம் யாது என்று மகனையே சிலர் கேட்டனர். வேறு யாரையேனும் கேளுங்கள் என்றார். அவர்கள் விடவில்லை, மீண்டும் கேட்டனர். தலை குனிந்து சற்றே இருந்தவர், பின் நிமிர்ந்து, இது மார்க்கம் என்று சொல்லி, தம் தந்தை பலவீனமான அறிவிப்பாளர் என்று கூறிவிட்டார். அவர் முதலில் தயங்கியதும், தலை குனிந்ததும் நம் உள்ளத்தைத் தொடுகின்றன. தந்தையைக் குறை சொல்வதில் அவருக்கு மகிழ்ச்சியில்லை. ஆனால் கேட்டவர்கள் அச்சொல்லை நம்பித் தம் மார்க்கத்தை அமைத்துக்கொள்ளப் போகிறவர்கள்.

பிறர் குறையைப் பேசுவது புறம் அன்றோ என்ற வினா அக்காலத்திலேயே எழுந்தது. இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் ஸஹீஹின் முன்னுரையில் இதற்கு நீண்ட விடை தந்திருக்கிறார். நம் கடற்கரை ஊர்களின் மதரஸாக்களில் பெரிதும் ஓதப்படும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களும், புறம் பேசுவது அனுமதிக்கப்படும் ஆறு இடங்களைக் கூறும்போது, அறிவிப்பாளரையும் சாட்சியையும் குறை கூறுதலை அதிலொன்றாக வைத்தார்கள். பெண் கொடுக்கப் போகிறவர் மாப்பிள்ளையைப் பற்றி நம்மிடம் வினவினால் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்பதும் அதனுள் அடங்கும். மாப்பிள்ளைக்குப் பொருந்துவது, நம் மக்கள் ஐந்தாண்டைச் செலவிட்டுப் படிக்கப்போகும் கல்லூரிக்கும் பொருந்தாதா?

இனி முன்பு எழுப்பிய கேள்விக்கு வருவோம். சாட்சிகள் ஆயிரமா, ஒன்றா?

புகாரீ ஷரீஃபின் முதல் ஹதீஸ், செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்னும் கருத்துடையது. நம் வீட்டுக் குழந்தைகளும் அறிந்தது. அதைக் கேட்டு அறிவித்தவர் தொகை பெரிது. யஹ்யா இப்னு ஸயீத் அல்அன்ஸாரீ (ரஹ்) ஒருவரிடமிருந்து மட்டும் இருநூற்றுக்கும் மேற்பட்டவர் அறிவித்தனர் என்று இமாம் நவவீ எழுதுகிறார்கள். இவ்வளவு பேர் சொன்ன செய்தியை, பலர் வழியாக ஐயமற வந்த 'முத்தவாத்திர்' என்ற வகுப்பில் ஹதீஸ் கலைஞர்கள் சேர்த்தார்களா என்றால், இல்லை. ஏனெனில் அந்த இருநூறு பேரும் ஒருவரிடமே கேட்டவர்கள். அந்த யஹ்யாவும் ஒருவரிடமே கேட்டார். அவருக்கு மேலும் ஒருவர், அவருக்கு மேலும் ஒருவர் எனத் தொடர் ஒற்றை இழையாகவே உமர் (ரலி) அவர்கள் வரை செல்கிறது. ஆகவே, அதை 'கரீப்', தனிவழியில் வந்தது என்று வகுத்தனர். அதே வேளையில், இழையில் உள்ள ஒவ்வொருவரும் உறுதியானவர் என்பதால் ஐயமின்றி ஏற்று நூலின் முகப்பிலேயே வைத்தனர். அவர்கள் தலையை எண்ணவில்லை, ஊற்றை எண்ணினார்கள். ஒரே ஊற்றிலிருந்து இருநூறு வாய்க்கால் பிரிந்தாலும் ஊற்று ஒன்றுதான். அந்த ஊற்று தூயதாயிருந்தால், வாய்க்கால்களின் தொகை தேவையே இல்லை.

ஒரு செய்திக்கு வலுச்சேர்க்க வேறு சாட்சி தேடும்போதும் இதே கண்டிப்பு இருந்தது. இரண்டாவது வழி முதல் வழியினின்று உண்மையில் வேறானதா என்று பார்த்தனர். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியிருந்தால் அது வலுவாகாது. வேலப்பன்சாவடிக் கட்டுரைகளின் மேற்கோள்களை ஒரு ஹதீஸ் கலைஞர் கையில் கொடுத்தால், அவர் அவற்றின் தொகையைக் கேட்டிருக்க மாட்டார். இவை எங்கிருந்து புறப்படுகின்றன என்றே கேட்டிருப்பார்.

கடுமையாகப் பேசுவதே நேர்மை என்று அவர்கள் எண்ணியதாகவும் கொள்ளக் கூடாது. நபி வரலாற்றை முதன்முதல் விரிவாக எழுதிய இப்னு இஸ்ஹாக் (ரஹ்) அவர்களை இமாம் மாலிக் (ரஹ்) மிகக் கடுமையாகச் சாடினார்கள். சாடியவர் எத்துணைப் பெரியவர்! ஆயினும், ஒரே காலத்தில் ஒரே ஊரில் வாழ்ந்தவர்களுக்கிடையே எழுந்த பூசலின் சூடு அச்சொல்லில் உண்டு என்று கண்ட பிற்காலத்தார், அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஹிஜ்ரி 748இல் (கி.பி. 1348) மறைந்த தஹபீ (ரஹ்), மதிப்பீட்டாளர்களையே கடுமையானவர், தளர்ந்தவர், நடுநிலையாளர் என மூவகையாக்கினார். யஹ்யா இப்னு மயீன் கடுமையானவர். அவர் ஒருவரைப் பாராட்டினால் பற்றிக்கொள், குறை சொன்னால் பிறரையும் கேள் என்ற போக்கில் அவர் அறிவுரை செல்லும். இன்று கல்லூரிகளுக்குத் தரம் போடும் நிறுவனங்கள் பல. அவற்றுள் எது கடுமையானது, எது தளர்ந்தது என்று தரம் பிரித்த தஹபீ ஒருவரை நாம் இன்னும் பெறவில்லை.

இவ்வளவு உயர்ந்த மரபுக்கு உரியவர்கள் இக்காலத்தில் எப்படி நடந்துகொண்டோம் என்பதையும் மறைக்காமல் எழுதுவதே முறை. 2011ஆம் ஆண்டு டிசம்பரில் இதே 'சயின்ஸ்' இதழ் சவூதி அரேபியப் பல்கலைக்கழகங்களைப் பற்றி எழுதியது. மேற்கோள் மிகுதியாகப் பெற்ற அயல்நாட்டு அறிஞர்களுக்கு, ஆண்டுக்கு 72,000 டாலர் வரை தந்து, ஆண்டில் சில வாரங்கள் வந்து போனால் போதும், உங்கள் கட்டுரைகளிலும் பட்டியலிலும் எங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஜித்தாவின் மன்னர் அப்துல் அஸீஸ் பல்கலைக்கழகம் ஒப்பந்தம் செய்துகொண்டதை அது வெளியிட்டது. ஆராய்ச்சியை வளர்க்கவே அழைத்தோம் என்பது அத்தரப்பின் வாதம். ஹரமைன் அமைந்த நாட்டிலிருந்து வந்த செய்தி என்பதற்காக நாம் அதற்கு வேறு அளவுகோல் வைக்க முடியாது. அலீ இப்னுல் மதீனீ தம் தந்தைக்கே வைக்கவில்லை. மேற்கோள் மிகுந்த அறிஞர் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடும் 'கிளாரிவேட்' நிறுவனமே 2023இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களை ஐயத்தின் பேரில் நீக்க நேர்ந்தது என்றால், இந்நோய் ஓர் ஊருக்கோ ஒரு நாட்டுக்கோ உரியதன்று என்பது விளங்கும். மதிப்பளவு எப்போது இலக்காகி விடுகிறதோ அப்போதே அது நல்ல அளவாக இருப்பது நின்றுவிடும் என்னும் கருத்து, சார்லஸ் குட்ஹார்ட் என்ற ஆங்கிலப் பொருளியல் அறிஞர் 1975இல் எழுதியதிலிருந்து கிளைத்து, இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

தமிழ் மரபு இதில் என்ன செய்தது? நன்னூல் செய்த பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டினர். எத்துணைப் பெரிய நூலை இயற்றினாலும் ஆசிரியன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று அவர் விதித்தார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளையிலும், எதிரி பழித்த காலத்திலும் மட்டும் விலக்கு அளித்தார். நல்ல விதி. ஆனால் அதற்கு முன்னே, நூலின் சிறப்புப்பாயிரத்தை யார் பாடலாம் என்று சொல்லும் இடத்தில், நூலாசிரியனின் ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், உரைகாரர் என்று நால்வரைக் குறித்தார். நால்வரும் வீட்டார்! தன் வாயால் புகழாதே, உன் வீட்டார் வாயால் புகழச் செய் என்று சொன்னது போல் ஆகிவிட்டது. பவணந்தியாரின் நோக்கம் அதுவன்று. நூலை நன்கறிந்தவரே அதைப் பற்றிச் சொல்லத் தக்கவர் என்று அவர் கருதியிருக்கலாம். ஆயினும் விளைவு என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சேறிய தமிழ் நூல்களைப் புரட்டினால், நம் புலவர் பெருமக்களின் நூல்கள் உட்பட, சாற்றுகவிகள் பக்கம் பக்கமாக நிற்கக் காணலாம். பாடியவரெல்லாம் கடலும் மலையும் மேகமும் கற்பகமுமாக நூலாசிரியரை வருணிக்கின்றனர். நூலில் என்ன இருக்கிறதென்று அவற்றைக் கொண்டு அறிவது அரிது. இன்று நம் நூல் வெளியீட்டு விழாக்களில் பட்டமும் பொன்னாடையும் பரிமாறப்படும்போதும் அந்தச் சாற்றுகவிகளே நினைவுக்கு வருகின்றன.

ஆனால் தமிழர் வேறொரு தேர்வு முறையையும் வைத்திருந்தனர். அதைக் காண வேலப்பன்சாவடியிலிருந்து இதே நெடுஞ்சாலையில் கிழக்கே செல்ல வேண்டும். சாலை நகருக்குள் நுழைந்து ஈ.வெ.ரா. பெரியார் சாலை என்று பெயர் மாறி, சென்ட்ரல் ரயில் நிலையத்தை நெருங்கும் இடத்தில், ரிப்பன் மாளிகைக்கு அருகே செங்கல் நிறத்தில் விக்டோரியா மண்டபம் நிற்கிறது. அங்கேதான் 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்தினார். ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கருத்தைச் செலுத்துவது அக்கலை. கேட்கப்படும் கணக்குகளுக்கு விடை கூறல், கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா முடித்தல், முதுகில் விழும் நெல்லையோ கல்லையோ எண்ணிக்கொண்டே வருதல், இடையிடையே ஒலிக்கும் மணியின் தொகையைச் சொல்லுதல் என்று அது விரியும். இங்கே நாம் நோக்க வேண்டியது, கேள்வி கேட்பவர் யார் என்பதே. அவையில் அமர்ந்த புலவரும் பொதுமக்களுமே கேட்டனர். ஈற்றடியைப் பாவலரின் மாணவர் கொடுத்தால் அவதானத்திற்கே மதிப்பில்லை. அந்நியர் கொடுக்க வேண்டும். இயன்றால், வீழ்த்த எண்ணுபவரே கொடுக்க வேண்டும். அன்று பெற்ற சதாவதானிப் பட்டம் 1950இல் அவர் மறையும் வரை அவர் பெயரோடு நிலைத்தது, இன்றும் நிலைத்திருக்கிறது.

பக்தாதில் இமாம் புகாரீ (ரஹ்) அவர்களுக்கு நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் சோதனையும் இதே வகையினது. பத்துப் பேர் ஆளுக்குப் பத்தாக நூறு ஹதீஸ்களின் தொடர்களை மாற்றிக் குழப்பிக் கேட்க, அவர் ஒவ்வொன்றையும் சரியான இடத்தில் பொருத்திக் காட்டினார் என்பர். இப்னு அதீ (ரஹ்) அதைப் பதிவு செய்தபோது, பக்தாதின் ஷைகுமார் பலர் சொல்லக் கேட்டேன் என்று மட்டும் எழுதினார். அவர்கள் பெயரைச் சொல்லவில்லை. பெயர் சொல்லப்படாத சாட்சியை என்ன செய்வது என்று ஹதீஸ் கலைஞர்களிடையே அதனாலேயே பேச்சு எழுந்தது. தம் தலைவரைப் புகழும் செய்தியையும் அவர்கள் தொடரைக் கேட்காமல் விடவில்லை.

தரவரிசைக்காரர்களும் இப்போது சற்றே விழித்திருக்கின்றனர். 2015இல் அறிவிக்கப்பட்டு 2016இல் முதல் பட்டியலை வெளியிட்ட தேசியத் தரவரிசை முறை, கல்லூரிகள் தாமே தரும் விவரங்களைப் பெரிதும் நம்பி நடப்பது. பல் மருத்துவப் பிரிவு அதில் 2020இல் சேர்ந்தது. பிழையோ முறைகேடோ காரணமாக இதழ்களால் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண்ணைக் கழிக்கும் வழக்கம் 2025ஆம் ஆண்டுப் பட்டியலில்தான் புகுந்தது. தஃதீல் மட்டுமே இருந்த கணக்கில் ஜர்ஹின் முதல் கோடு விழுந்திருக்கிறது என்று கொள்ளலாம். கார்ஃபீல்டு 1955இல் வேண்டியதும் ஏறத்தாழ இதுவே. அவர் 2017இல் மறைந்துவிட்டார்.

தமிழக அரசும் 2017ஆம் ஆண்டு மே மாதம் முதல் பள்ளிப் பொதுத்தேர்வுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்திவிட்டது. அதுவரை முதலிடம் பெற்ற பிள்ளைகளின் படத்தைப் போட்டுப் பள்ளிகள் செய்த விளம்பரங்களை நாமெல்லாம் கண்டவர்களே. ஆனால் கல்லூரிகளின் விளம்பரப் பலகைகள் இன்னும் அப்படியே நிற்கின்றன. ஜூன், ஜூலை மாதங்களில் அவற்றைப் பார்த்தே பல குடும்பங்கள் முடிவெடுக்கின்றன. நம் வீடுகளிலிருந்து பல் மருத்துவம் படிக்கப் புறப்படும் பெண்மக்கள் பலர், அக்குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதிக்கும் முதல் பெண்கள். தந்தை வளைகுடாவில் சேமித்த பணமும் தாயின் நகையும் அந்த ஒரு முடிவின்மேல் வைக்கப்படுகின்றன. பட்டியலைப் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பார்க்கட்டும். அதை வைத்தவர் யார், விவரம் தந்தவர் யார், மேற்கோள் எந்த வீட்டிலிருந்து வந்தது என்றும் சற்றே கேட்கட்டும். அதன் பின், நான்காண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்துச் சென்ற ஆண்டு அக்கல்லூரியிலிருந்து வெளிவந்த பெண் ஒருத்தியைத் தேடிச் சென்று, உன் கையால் எத்தனை பல் எடுத்தாய், எத்தனை வேர்ச் சிகிச்சை செய்தாய், உடன் நின்று கற்றுக்கொடுத்தவர் யார், உன் தங்கையை அங்கே சேர்ப்பாயா என்று கேட்கட்டும்.